மிச்சம் நிற்கும் பையனை கோல்கீப்பராக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், கீழக்கரை வரை, ஹாக்கி ஆடும் நம் கடலோரப் பள்ளிகளில் கோல்கீப்பர் எப்படி உருவாகிறான் என்பது அணி எடுப்பதை ஒரு முறை பார்த்தவர்களுக்கே தெரியும். வேகமாக ஓடுகிறவன் ஃபார்வர்டு, ஓங்கி அடிக்கிறவன் பேக். பத்துப் பேரை எடுத்த பிறகு மிச்சம் நிற்கிறவன் கையில் பேடை, அதாவது கால்காப்பைக் கொடுத்து "நீ கோல்ல நில்லுடா" என்கிறோம். கொஞ்சம் உடம்பு கனத்த பிள்ளையாக இருந்தால் அந்த யோசனைகூட இல்லை. இந்த வழக்கத்தால் பள்ளி அணி தோற்பது சின்ன விஷயம். சர்வதேச அளவுக்குப் போகக்கூடிய ஒரு பிள்ளை பேடைத் தொடாமலே வளர்ந்துவிடுகிறான் என்பதுதான் எங்களை எழுத வைக்கிறது.

இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பராக இருந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்துக்காரர். திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று இருந்தவர். பயிற்சியாளர் பார்த்துப் பேசி அவரைக் கோலில் நிறுத்தியது 12 வயதில். 2006-ல் சீனியர் அணிக்குள் வந்தார். அதன்பின் ஐந்தாண்டு ஏட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி ஆகியோருக்குப் பின்னால் உள்ளே வெளியே என்றுதான் போனது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானை, ஆளுக்கொரு முறை கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஆடும் ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்று தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 26. பேடைக் கட்டி 14 வருடம் கழித்து! 2016 ரியோ ஒலிம்பிக்கில் அணித் தலைவர். 2017 அஸ்லான் ஷா கோப்பையில் முழங்கால் போய்ப் பல மாதம் ஆட்டமில்லை. அதற்குப் பிறகு டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை (தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) தடுத்து வெண்கலம், 2024 பாரிஸில் இன்னொரு வெண்கலம். 336 சர்வதேச ஆட்டங்கள் முடித்து 36 வயதில் விடைபெற்றார். சீனியர் அணியில் 16-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா முடிவு செய்தது. 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது வெண்கலம் வென்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளர் அவர்தான்.

இந்த வருடக் கணக்கைத்தான் பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். ஃபார்வர்டு இருபது, இருபத்திரண்டிலேயே துள்ளி வந்துவிடுவான். கோல்கீப்பர் விளைய இருபத்தைந்தாவது ஆகும், ஆனால் விளைந்தபின் பத்து வருடம் நிற்பான். 16 வயதில் மாவட்ட அணியில் இடம் கிடைக்கவில்லை என்று ஒரு கோல்கீப்பரை விட்டுவிடச் சொல்வது, காய்க்கும் முன்பே தென்னையை வெட்டுகிற வேலை. தெற்கிலிருந்து ஆள் வராது என்ற பேச்சும் வேண்டாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் நீலகிரியின் முனீர் சேட் கோல்கீப்பர். 1972 மியூனிக்கில் கண்ணூரின் மானுவல் ஃப்ரெடரிக்.

யாரை எடுப்பது? எங்கள் யோசனை, மைதானத்துக்கு வெளியே தேடுங்கள். வாலிபாலில் பிளாக் போடுகிறவன், கபடியில் கணுக்காலைப் பார்த்துப் பிடிக்கிறவன், படகிலிருந்து வீசும் கயிற்றைத் திரும்பிப் பார்க்காமலே பிடிக்கிற மீனவப் பிள்ளை, இவர்களுக்குக் கண்ணும் கையும் ஏற்கெனவே இணைந்திருக்கும். டென்னிஸ் பந்து நான்கு போதும் சோதிக்க. பையனை முதுகு காட்டி நிற்க வையுங்கள். 4 மீட்டர் தூரத்திலிருந்து எறிந்துகொண்டே பெயரைக் கூப்பிடுங்கள், திரும்பிப் பிடிக்கட்டும். 20 பந்து எறிந்தால் 12-க்கு மேல் கையில் பட வேண்டும். அடுத்து, பந்துகளில் பெரிதாக எண் எழுதி உருட்டிவிடுங்கள். காலால் தடுத்துவிட்டு எண்ணைச் சொல்லட்டும். சொல்லத் தெரிந்தவன் பந்தைக் கடைசிவரை பார்க்கிறான் என்று அர்த்தம். உயரம் நல்லதுதான், கட்டாயமில்லை. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பந்து வரும்போது முகத்தைத் திருப்பக் கூடாது. பயம் பழகினால் போய்விடும். ஆனால் முகம் திருப்பும் வழக்கம் போகும்வரை அவனை அடிபந்துக்கு முன்னால் நிறுத்தவே கூடாது. ஹெல்மெட்டும் செஸ்ட் கார்டும் முன்பக்கத்துக்குச் செய்தவை. திரும்பினால் பிடரியும் விலாவும் வெறுமையாகிவிடும்.

கிட் விஷயத்துக்கு வருகிறோம். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். பந்தை ஸ்டிக்கோடு ஒட்டி இழுத்து எறியும் நல்ல டிராக் ஃப்ளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். 108 என்று வைத்தால் நொடிக்கு 30 மீட்டர். 13 மீட்டரிலிருந்து வரும் பந்து கோல்கீப்பரைத் தொட அரை நொடிகூட ஆகாது. ஆகவே பேட், பாதத்தை மூடும் கிக்கர், இரண்டு கைக்கும் கிளவ், ஹெல்மெட், தொண்டைக்கு நெக் கார்டு, செஸ்ட் கார்டு, அப்டமன் கார்டு, தொடைக்கு பேடட் ஷார்ட்ஸ், எல்லாம் சேர்ந்ததுதான் கிட். நம் ஊர் வெயிலில் பிள்ளைகள் முதலில் கழற்றி வீசுவது நெக் கார்டைத்தான். ஆசிரியரும் பார்த்தும் பாராமல் விட்டுவிடுகிறார். பந்து எழும்பித் தொண்டையில் பட்டால் மூச்சுக்குழாய்க்கே ஆபத்து. நெக் கார்டு இல்லாமல் ஒரு பந்துகூட அடிக்க விடாதீர்கள்.

பள்ளிகளில் நாம் பார்க்கும் பெரிய பிழை, பெரியவர் அளவு கிட்டை 12 வயதுப் பிள்ளைக்கு மாட்டுவது. பேடின் மேல்முனை தொடையில் ஏறி நிற்கும், முழங்கால் மடங்காது. மடங்காததால் பிள்ளை விறைப்பாக நிற்பான், பந்து இரண்டு காலுக்கும் நடுவே போகும், பார்க்கிறவர்கள் 'மந்தம்' என்பார்கள். மந்தம் பேடில்தான். அளவு பார்ப்பது எளிது. பேடில் முழங்காலுக்கென்று உள்ள பகுதி முழங்காலுக்கு நேராக இருக்க வேண்டும். கீழ்முனை கிக்கர் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். விரல் நுழையும் சந்து இருந்தால் பந்து கணுக்காலைத் தேடி வரும். மாட்டும் வரிசையும் முக்கியம். முதலில் அப்டமன் கார்டு, பிறகு ஷார்ட்ஸ், அதன்பின் கிக்கர், கிக்கருக்கு மேலே பேட், அடுத்து செஸ்ட் கார்டு, நெக் கார்டு, சட்டை, ஹெல்மெட், கடைசியில் கிளவ். பக்கிள் எல்லாம் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் ஓடும்போது ஒன்றோடொன்று கொக்கி போட்டுத் தடுக்கிவிடும்.

வெளிநாட்டு முழு செட் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். ஸ்ரீஜேஷின் முதல் கிட்டுக்காக அவருடைய தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. எல்லா வீட்டிலும் பசு இல்லை. தொடக்கத்துக்கு ஜலந்தர், மீரட் தயாரிப்புகள் போதும். ஆனால் பணத்தைப் பிரிக்கும் விதத்தில் கவனம் வேண்டும்: ஹெல்மெட்டிலும் கிக்கரிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. தலை ஒன்றுதான் இருக்கிறது. கிக்கரோ ஆட்டத்தில் அதிகமாகப் பந்து படும் பாகம். ஒரு பள்ளி தனியாக வாங்குவதைவிட, பக்கத்திலுள்ள நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் மூன்று செட் வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

வாங்கிய கிட்டை நம் கடற்காற்று தின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராமேசுவரம், பாம்பன் பக்கம் ஹெல்மெட்டின் கம்பி வலையும் திருகாணிகளும் கண்ணெதிரே துரு ஏறும். துருப்பிடித்த கம்பி வளைந்து பந்தை உள்ளே விட்டுவிடும். வாங்கியதும் திருகாணிகளை எவர்சில்வராக மாற்றிவிடுங்கள். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, திருகில் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஃபோமில் எண்ணெய் படக் கூடாது. வியர்வை நனைந்த கிட்டைக் கழுவ போர் தண்ணீர் வேண்டாம். நம் கடலோரத்தில் பல இடங்களில் அது உப்பு. கழுவிய பின் உப்பு ஃபோமிலும் வாரிலும் தங்கி, ஈரத்தை இழுத்து, பூசணம் பிடிக்கும். குடிநீர் லாரித் தண்ணீரில் ஒரு வாளி போதும். காய வைப்பது நிழலில், காற்றோட்டத்தில், கொடிக்கயிற்றில் தொங்கவிட்டு. வெயிலில் போட்டால் ஃபோம் இறுகி வடிவம் மாறும். தகர ஷெட்டில் பூட்டி வைப்பதும் வெயிலில் போடுவதும் ஒன்றுதான். பேட் மேல் பேட் அடுக்கி, அதன் மேல் ஷாட்புட் குண்டை வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபோம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கிக்கரைத் தரையில் படுக்க வைத்து மார்பு உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். நன்றாகத் துள்ளினால் சரி. தொப்பென்று உட்கார்ந்தால் அந்த இடம் செத்துவிட்டது.

கோல் போஸ்ட்டுக்கு வலையும் நம் ஊர்ச் சமாசாரம்தான். விதிப்படி கண்ணி அகலம் 45 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் கண்ணியுள்ள பழைய நைலான் மீன்வலை கிடைக்காத கரை இல்லை. கிழிந்ததை முடியத் தெரிந்த கைகளும் உண்டு. ஆனால் இழுத்துக் கட்டாதீர்கள். தொளதொளவென்று தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போன பந்து துள்ளி வெளியே வந்து வீண் சண்டை. வலையைவிட அவசியம் கோலுக்குள் அடியில் வைக்கும் 46 சென்டிமீட்டர் உயரப் பலகை. பின்னால் 3.66 மீட்டர் நீளம், பக்கங்களில் 1.20 மீட்டர். பலகைச் சத்தம் கேட்டுப் பழகாத கோல்கீப்பருக்குத் தன் கோலின் ஓரம் எங்கே என்பது முதுகில் பதியாது.

அடுத்தது தரை. நம் பிள்ளைகள் செம்மண்ணிலும் மணலிலும் கற்கிறார்கள். அங்கே பந்து குதித்துக் குதித்து, திசை மாறி வரும். அதனால் இரண்டு காலையும் சேர்த்து, சற்றுத் தாமதமாகப் பந்தை எடுக்கும் பழக்கம் வருகிறது. அது மண்ணுக்குச் சரி. தண்ணீர் தெளித்த டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில் பந்து தரையோடு வழுக்கி, நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடும். கோவில்பட்டியிலோ மதுரையிலோ செலக்‌ஷனுக்குப் போகும் பிள்ளை முதல் இருபது நிமிடத்தில் மூன்று கோல் வாங்குவது திறமைக் குறைவால் அல்ல, கண்ணின் கணக்கு மாறாததால். செலக்‌ஷனுக்கு முன் ஆறு முறையாவது டர்ஃபில் நின்றிருக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் பள்ளியின் சிமென்ட் தளத்தில் தண்ணீர் தெளித்து, டென்னிஸ் பந்தை ஸ்டிக்கால் தரையோடு புஷ் செய்து பழக்குங்கள். தளம் வழுக்கும் என்பதால் அப்போது பாய்ச்சல் வேண்டாம், நின்ற நிலையில் தடுப்பது மட்டும். மண்ணில் சறுக்கித் தடுப்பதைக் கற்றுத்தரவே வேண்டாம். தோலும் உரியும், கிக்கரின் அடிவாரும் அறுந்துவிடும்.

கடற்கரை பயிற்சிக்கு நல்ல இடம்தான், காய்ந்த மணல் அல்ல. காலடி புதையும் மணலில் பக்கவாட்டு ஓட்டம் பழக்கினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் வலிக்கத் தொடங்கும். அலை வந்து போன இறுகிய ஈர மணலில், பேட் இல்லாமல், 5 மீட்டர் பக்கவாட்டு அடி போய்த் திரும்பி வருவது பத்து முறை, இடையில் ஒரு நிமிடம் நின்று, நான்கு சுற்று. கரை சரிவாக இருப்பதால் ஒரு காலுக்கே பாரம் ஏறும். பாதியில் முகத்தை மறுபக்கம் திருப்பிச் செய்ய வேண்டும். மேல்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் காற்று எழும்முன், காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் மணல் ஹெல்மெட் கம்பிக்குள் புகுந்து கண்ணை அடைக்கும், தூக்கி அடித்த பந்தும் காற்றில் இழுபடும். கிட்டுக்குள் உடம்பு வெந்துவிடும் என்பதால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஹெல்மெட்டைக் கழற்றி, உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர்.

நிற்கும் இடம்தான் பாதிக் கலை. பந்துக்கும் கோலின் நடுவுக்கும் ஒரு கயிறு கட்டியதாக நினைத்தால் அந்தக் கயிற்றின் மேல் நிற்க வேண்டும். பயிற்சியில் நிஜமாகவே கயிறு கட்டிக் காட்டுங்கள். பந்து நேர் எதிரே 8 மீட்டரில் இருக்க, கோட்டிலேயே நின்றால் 3.66 மீட்டர் முழுவதையும் காக்க வேண்டும். இரண்டு மீட்டர் முன்னே வந்தால் அது சுமார் 2.75 மீட்டராகச் சுருங்கிவிடும். இதைக் கயிற்றில் அளந்து காட்டினால் பிள்ளை பயந்து பின்வாங்குவதை நிறுத்துவான். எடை முன்பாதத்தில், முழங்கால் மடங்கி, தலை முழங்காலுக்கு நேராக, இரண்டு கையும் உடம்புக்கு முன்னால். எடை குதிகாலுக்குப் போனால் பந்து காலில் பட்டு மேலே எழும்; எழும்பிய பந்து எதிராளிக்குப் பரிசு. தடுத்த பந்தை வந்த பக்கமாகவே வெளியே உதைக்க வேண்டும். வலப்பக்கம் வந்ததை இடப்பக்கம் கோலின் குறுக்கே உதைக்கும் பிழைதான் பள்ளி ஆட்டங்களில் அதிகக் கோல்களுக்குக் காரணம் என்பது எங்கள் அனுபவம்.

பெனால்டி கார்னரில் முதல் அடி ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் ஹிட்டாக இருந்தால் பந்து கோல்கோட்டைத் தாண்டும்போது 46 சென்டிமீட்டருக்குள், அதாவது பலகை உயரத்துக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் பழைய கோல்கீப்பர்கள் கட்டைபோலப் படுத்து அடைத்தார்கள். ஃப்ளிக்குக்கு அந்த உயர வரம்பு கிடையாது. இன்று முன்கூட்டியே படுக்கிறவனின் தலைக்கு மேல் பந்து போய்விடும். அடிப்பவரின் ஸ்டிக் பந்தோடு ஒட்டி இழுபட்டால் நிற்பது, பின்னால் ஓங்கினால் மட்டும் படுப்பது என்று பிரித்துப் பழக்குங்கள். அடிப்பவரை நோக்கிப் பாயும் ரஷ்ஷராக ஓடும் தோழன் கோல்கீப்பரின் கண்ணை மறைக்காமல் ஓடுவதும் கூட்டுப் பயிற்சியில்தான் வரும். கோல்கீப்பர் வாய்மூடி நிற்கவே கூடாது. "வலம்", "இடம்", "விடு", "எனக்கு" என்று ஒற்றைச் சொல்லில் கத்த வேண்டும். நீளமாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து பலகையில் இருக்கும்.

ஷூட்-அவுட்டுக்கு 8 நொடி. ஆள் 23 மீட்டர் கோட்டிலிருந்து புறப்படுவான். முதல் இரண்டு மூன்று நொடியில் வேகமாக வெளியே வந்து இடத்தைச் சுருக்கி, பின்பு நின்றுவிட வேண்டும். ஆளை அவனுடைய இடப்பக்கம், ரிவர்ஸ் பக்கம் தள்ள வேண்டும். முதலில் விழுகிறவன் தோற்பான். வேண்டுமென்றே காலை வாரிவிட்டால் பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பர் மட்டும் நிற்க, கிட்டத்திலிருந்து அடிக்கும் தண்டனை அடி). பாரிஸ் காலிறுதியில் இந்தியா ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பத்துப் பேரோடு ஆடி, பிரிட்டனை ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றதன் பதிவு கிடைக்கும். ஸ்ரீஜேஷ் எத்தனை நேரம் விழாமல் நிற்கிறார் என்பதை மட்டும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாவட்டத் தேர்வாளர்களுக்கு எங்கள் கோரிக்கை இதுதான். கோல்கீப்பர் தேர்வுக்குத் தனியாக அரைநாள் ஒதுக்குங்கள். இப்போது நடப்பதுபோல் கலப்பு ஆட்டத்தில் இருபது நிமிடம் நிறுத்திப் பார்த்தால், நல்ல பேக்குகளுக்குப் பின்னால் நின்றவன் பந்தையே தொடாமல் தேர்வாகிறான். பலவீனமான பக்கம் நின்றவன் ஐந்து கோல் வாங்கி வீட்டுக்குப் போகிறான். ஒவ்வொருவருக்கும் இரு பக்கமும் தரைப் பந்து 20, உயரப் பந்து 10, தனி ஆள் 5, பெனால்டி கார்னர் 5 கொடுங்கள். தடுத்ததை மட்டும் எண்ணாமல், தடுத்த பந்து எங்கே போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் இரண்டு பேரை எடுங்கள். 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கில் ஒன்றையாவது இரண்டாமவனுக்குக் கொடுங்கள். பாரிஸ் அணியின் 16 பேரில் கோல்கீப்பர் ஒருவர்தான். மேலே இடம் அத்தனை குறுகியது என்பதால், கீழே ஆட்ட நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தால்தான் காத்திருக்கும் பிள்ளை கையைவிட்டுப் போகாமல் இருப்பான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்திய அணி எட்டாவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன, கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்றே உண்டு. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி போன்றவை ஹாக்கி அணி வைத்திருப்பவை. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அன்றே நகல் எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முதலெழுத்தில் வரும் ஒரு சின்ன வேறுபாடு தேர்வு நாளில் பெரிய தலைவலியாகும்.

பெண் பிள்ளைகளின் அணிக்கும் இதில் ஒரு எழுத்து மாற்றம் இல்லை. ஹரியானா சிர்சா பக்கத்துக் கிராமத்துப் பெண் சவிதா புனியா கோலில் நின்றுதான், டோக்கியோ காலிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவை 1-0 என்று வெளியேற்றியது. பையன்கள் போட்டுக் கழித்த செஸ்ட் கார்டை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பெண்களுக்கென்று தனி வார்ப்பில் வருகிறது. கிட் வாங்கும்போது மூன்றில் ஒன்றாவது அதுவாக இருக்கட்டும்.

ஐப்பசியில் வாடை பிடித்துவிட்டால் எந்தக் கிட்டும் காயாது. அதற்கு முன்னால், புரட்டாசிக்குள், ஒவ்வொரு பள்ளியும் தன் கிட் அறையைத் திறந்து ஹெல்மெட் திருகாணிகளையும் கிக்கர் அடிவார்களையும் பார்த்துவிட வேண்டும். அறுந்த வாருக்கு மட்டும் செருப்புத் தைப்பவரிடம் நைலான் பட்டை போட்டுத் தைத்துக்கொள்ளலாம். வளைந்த ஹெல்மெட் கம்பியைத் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்டாதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஹாக்கிப் பயிற்சியாளர்கள் சிலர்,
ராமநாதபுரம் கடலோரம்